ரெண்டுக்கும் சேரணும்

அவரை முதன்முதலில் பார்த்த அன்று என் தலைமுடி கறுப்பாக இருந்தது. தலையில் அல்ல, புகைப்படத்தில்.

ஓய்வூதியக் காகிதங்களுக்குப் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கத் தேனியில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போயிருந்தேன். வருவாய்த் துறையில் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அரசு எனக்கு மாதாமாதம் பணம் தர வேண்டுமானால் ஆண்டுக்கொரு முறை நான் உயிரோடு இருந்து காட்ட வேண்டும். விதி அப்படி, எனக்கு ஆட்சேபணை இல்லை. ஸ்டுடியோக்காரத் தம்பி கம்ப்யூட்டரில் என் நரையைக் கறுப்பாக்கினார், சுருக்கங்களை இழுத்துவிட்டார், போனால் போகிறதென்று இடது கன்னத்து மச்சத்தையும் துடைத்துவிட்டார். அந்த மச்சம்தான் என் ஓய்வூதியப் புத்தகத்தில் அங்க அடையாளமாக எழுதப்பட்டிருப்பது. அந்தப் படத்தோடு கருவூலத்துக்குப் போயிருந்தால் நான் இறந்துவிட்டதாகத்தான் முடிவு செய்திருப்பார்கள்.

பக்கத்தில் கறுப்பு பர்தாவும் கையில் பச்சை வயர் கூடையுமாக ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஐம்பது வயதிருக்கலாம். கூச்சமில்லாமல் என் படத்தை எட்டிப் பார்த்தார்.

"இது யாரு சார், உங்க தம்பியாக்கும்?"

"நான்தான்."

"அப்ப உங்களை எப்ப எடுப்பாக?"

ஸ்டுடியோக்காரத் தம்பி முகம் சுருங்கி மறுபடி எடுக்க ஒப்புக்கொண்டார். ஆனால் அதற்கு முன்பு அந்த அம்மாளுக்கு ஒரு லென்ஸ் விற்க வேண்டியிருந்தது. அங்கேதான் நான் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டேன்.

"அக்கா, இது லேட்டஸ்ட். டிஜிட்டலுக்குன்னே செஞ்சது. கையில வச்சுப் பாருங்க, பூ மாதிரி இருக்கும்."

அவர் லென்ஸை வாங்கிச் சுற்றிச் சுற்றித் தடவினார். "ரிங் எங்கனப்பா? வெளிச்சத்தைக் கூட்டிக் கொறைக்கிற ரிங்கு."

"அது இதுல கெடையாதுக்கா. எல்லாம் கேமராவே பாத்துக்கும்."

"எந்த கேமரா?"

"உங்க கேமராதான்."

அவர் வயர் கூடைக்குள் கை விட்டு, கீரைக்கட்டைத் தள்ளி, ஒரு பழைய பிலிம் கேமராவை எடுத்து வைத்தார். "இது பேட்டரி இல்லாமயே ஓடுது. இது யாரைக் கேட்டுப் பாத்துக்கும்?"

தம்பி சிரித்தார். பிலிமெல்லாம் செத்து எவ்வளவு நாளாச்சு என்ற பொருளில் ஏதோ சொன்னார். அவர் கோபப்படவில்லை. புது லென்ஸை அந்தப் பழைய கேமராவில் பூட்டி, தம்பியின் கண்ணுக்கு நேராக நீட்டினார்.

"உள்ள பாரு. என்ன தெரியுது?"

"நடுவுல ரோடு தெரியுதுக்கா. சுத்தி வட்டமா கறுப்பா இருக்கு."

"கெணத்துக்குள்ள விழுந்தவன் வானத்தைப் பாக்குற மாதிரி இருக்கா?"

"ஆமாக்கா."

"நான் இன்னும் விழல. வேற எடு."

டிஜிட்டலுக்கென்றே செய்த சில லென்ஸுகள், பிலிமுக்குப் பதிலாக உள்ளே இருக்கும் சின்ன சென்சாரை நிரப்பும் அளவுக்குத்தான் படத்தை விழவைக்கும், பிலிமின் மூலைகளுக்கு அது எட்டாது என்று பிறகு எனக்கு விளக்கினார். அவர் கேட்டது இவ்வளவுதான்: பழைய பிலிம் கேமராவின் பாடியிலும் பூட்ட வேண்டும், டிஜிட்டல் கேமராவின் பாடியிலும் பூட்ட வேண்டும், இரண்டிலும் மூலை வரை தெளிவாகத் தெரிய வேண்டும், ரிங் கையால் திருப்பும்படி இருக்க வேண்டும். டிஜிட்டல் கேமராவைக்கூடப் பிலிம் அளவுக்கே சென்சார் உள்ளதாகத் தேடிப் பிடித்துப் பழையதாக வாங்கியிருந்தார். ஒரு லென்ஸ் இரண்டு கேமராவிலும் ஒரே அகலத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவர் கட்டளை. சின்ன சென்சாரில் அதே லென்ஸ் ஓரங்களை வெட்டிவிடுமாம். "ஓரத்துல நிக்கிறவுகளும் கல்யாணத்துக்கு வந்தவுகதானே சார்" என்றார்.

கடைசியில் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய முப்பத்தைந்து எம்.எம். லென்ஸ் ஒன்று வந்தது. அதற்குள் டார்ச் அடித்து, பூஞ்சை இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ரிங்கைக் காதோரம் வைத்துத் திருப்பினார். பிறகு தம்பியிடம், "இதை யாரும் வாங்க மாட்டாகன்னுதானே கீழ போட்டு வச்சிருந்த?" என்று கேட்டு, அந்த உண்மையையே விலையிலும் பயன்படுத்திக்கொண்டார்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. இருவரும் ஒரே ஊருக்குத்தான் போகிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையில் ஒரு சிற்றூர். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. கணவருக்குக் குமுளியில் ஏலக்காய்க் கடை. அந்த அம்மாள் மதுரையில் இயற்பியல் படித்தவர் என்பதை அவராகச் சொல்லவில்லை, என் மனைவி சொன்னாள். ஊரில் போட்டோக்காரம்மா என்றால் போதும். பெயரை நான் எழுதப் போவதில்லை. "எழுதுனா பேரைப் போடாதீக சார். படத்துல இருக்கிறவுகளுக்குத்தான் பேரு. எடுத்தவளுக்கு எதுக்கு?" என்று பிற்பாடு ஒரு முறை சொல்லியிருந்தார். வாய்மொழி உத்தரவுதான் என்றாலும் நான் மீறுவதில்லை.

பிலிமை அவர் வைத்துக்கொண்டிருந்ததற்கு ஏக்கம் காரணமில்லை. பழைய காலம், பழைய வாசனை என்று யாராவது அவரிடம் உருகினால் எழுந்து போய்விடுவார். வேலை செய்வதால் வைத்திருந்தார். அந்த வேலை என்ன என்பதை ராவுத்தர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் போய் வந்த என் மனைவி சொல்லித்தான் அறிந்தேன்.

கல்யாணத்தில் பெண்கள் பகுதி தனி. ஆண் போட்டோகிராபருக்கு அங்கே அனுமதியில்லை. அதோடு இப்போது எல்லார் கையிலும் செல்போன் இருக்கிறதே? அதற்கு ஒரு ஏற்பாடு. பெண்கள் பகுதி வாசலில் பெண்ணின் பெரியம்மா ஒரு பிரியாணி அண்டாவோடு உட்கார்ந்திருப்பார். போகிற பெண்கள் எல்லோரும் செல்போனை அண்டாவில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே கேமரா ஒன்றே ஒன்றுதான், அதுவும் போட்டோக்காரம்மாவின் பிலிம் கேமரா. கருகமணி கட்டுவது, மருதாணிக் கைகள், முக்காடு விலகிச் சிரிக்கிற சிரிப்பு எல்லாம் கறுப்பு வெள்ளையில். ரோலைத் தன் வீட்டுக் குளியலறையில் தானே கழுவி, தானே பிரிண்ட் போட்டு, நெகட்டிவைப் பெண்ணின் அம்மா கையில் கொடுத்துவிடுவார். அந்தப் படம் ஊரில் வேறு யாரிடமும் இருக்காது. இருக்கவும் முடியாது.

அதே கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி வாதாடினாளாம்.

"டிஜிட்டல்லயும் ரெண்டு எடுங்கக்கா. எங்கண்ணன் ஷார்ஜாவுல இருக்காக. லீவு கெடைக்கல. அவுக பாக்கணும்ல?"

"அண்ணன் பாக்கட்டும், தப்பில்ல. அண்ணன் கூட ரூம்ல இருக்கிற ஆறு பேரும் பாப்பாகளே, அதுக்கு என்னாத்தா செய்ய?"

இவர் அதோடு வெளியே வந்து, பிலிம் பாடியிலிருந்து லென்ஸைக் கழற்றி டிஜிட்டல் பாடியில் பூட்டி, மாப்பிள்ளை ஊர்வலத்தை எடுத்து, சாயங்காலத்துக்குள் ஷார்ஜாவுக்கே அனுப்பிவைத்தார். அண்ணன் மாப்பிள்ளையை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

"கண்ணு ஒண்ணுதான் சார். ஞாபகம்தான் ரெண்டு. ஒண்ணு ஊரெல்லாம் பேசும், ஒண்ணு வாயைத் தொறக்காது. எதுக்கு எதுன்னு தெரிஞ்சிருக்கணும்" என்பார். பெண்கள் பகுதியில் முதலில், வெளியே பிறகு. வாய் திறக்காததில் முதலில், பேசுவதில் பிறகு. அந்த வரிசை அவருக்குக் கைப்பழக்கமாகிவிட்டிருந்தது. எங்கே போனாலும் கூடையில் இரண்டு பாடி, ஒரு லென்ஸ். லென்ஸை மட்டும் காற்றுப் புகாத ஏலக்காய் டின்னில் வைப்பார். எங்கள் பள்ளத்தாக்கின் மழைக் காற்றில் கண்ணாடிக்குப் பூஞ்சை வரும். அந்த டின்னால், அவர் படம் எடுக்க முகத்தருகே வந்தால் பாயசம் கொதிக்கிற மாதிரி மணக்கும் என்று என் மனைவி சொல்வாள்.

"ரெண்டுக்கும் சேரணும்" என்பது லென்ஸ் வாங்க மட்டும் அவர் சொன்ன சொல் அல்ல. மகளுக்கு வந்த ஒரு வரனை, மாமியாருக்கு நல்ல பிள்ளை, மனைவிக்கு எப்படியோ என்று திருப்பி அனுப்பினார். குமுளிக் கடையில் கணவர் வைத்த புது தராசை, வாங்குகிறவனுக்கும் முள் தெரிகிற மாதிரி திருப்பி வைக்கச் சொல்லிச் சண்டை போட்டார். ஒரு பக்கத்துக்கு மட்டும் வேலை செய்கிற எதுவும் அவருக்கு ஆகாது. இந்தக் குணத்தோடு நிம்மதியாக வாழ முடியாது. அவரும் வாழவில்லை, சுற்றியிருந்தவர்களையும் வாழ விடவில்லை.

வாய்க்கால் விவகாரம் அப்படித்தான் வந்தது.

மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து வரும் அணைத் தண்ணீர் எங்கள் ஊரைத் தொட்டு, ஒரு கிளை வாய்க்கால் வழியாகக் கடைமடை வயல்களுக்குப் போகும். அந்தக் கடைமடையில் அவருடைய தகப்பனார் கொடுத்த நெல்வயல் ஒன்றும், அதற்குக் கீழே இன்னும் சில ராவுத்தர் குடும்பங்களின் வயல்களும் இருந்தன. வாய்க்காலின் நடுப்பகுதியில் இரு கரையிலும் நிலம் வாங்கிய திராட்சைத் தோட்டக்காரர் ஒருவருக்கு, நடுவில் ஓடுகிற வாய்க்கால் உறுத்தியது. மூடிவிட்டால் தோட்டம் ஒன்றாகிவிடும். அவர் வாய்க்கால் மேட்டில் வேலி போட ஆரம்பித்ததுமே போட்டோக்காரம்மா என்னிடம் வந்தார்.

நில அளவைப் புலப்படத்தை வாங்கிப் பார்த்தேன். படத்தில் வாய்க்கால் இருந்தது. தரையிலும் இருந்தது. இரண்டும் ஒத்துப்போவது எங்கள் துறையில் அபூர்வம். மனு எழுதிக் கொடுத்தேன். பிறகு நடைமுறையைச் சொன்னேன்: பதிவு, நோட்டீஸ், விசாரணை, தள்ளிவைப்பு, அறிக்கை, மறு அறிக்கை.

"ஜூன்ல தண்ணி தொறப்பாக சார்."

"அதற்குள் நோட்டீஸ் போய்ச் சேரலாம்."

"நீங்க காகிதம் நடக்கிற வழியைச் சொல்றீக. நான் தண்ணி நடக்கிற வழியைக் கேக்குறேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உண்மையைச் சொன்னேன். தோட்டக்காரர் மூடியதாக நிரூபித்தால் அவரே மண்ணை எடுக்க வேண்டும், உடனே உத்தரவு போடலாம். ஆனால் அவர், இது பல காலமாகத் தானாகவே தூர்ந்துபோன வாய்க்கால் என்று சொல்லிவிட்டால் கோப்பு வேறு துறைக்குப் போகும். அங்கே மதிப்பீடு, நிதி ஒதுக்கீடு, டெண்டர். அந்த வரிசையில் போன வாய்க்கால் எதிலும் நான் தண்ணீர் பார்த்ததில்லை. போட்டோக்காரம்மா கூடையை எடுத்துக்கொண்டு போனார்.

மூட வந்தவர்கள் நன்றாக யோசித்துத்தான் வந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம், ஜும்மா நேரம். கடைமடை வயல்காரர்கள் அத்தனை பேரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். தொழுகை முடிந்து சாப்பிட்டு வருவதற்குள் வேலை முடிந்துவிடும். கணக்கு சரிதான். ஆண்கள் பள்ளிவாசலில் இருக்கிற நேரத்தில் பெண்கள் வீட்டில் இருப்பார்கள் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஜே.சி.பி. சத்தம் கேட்டதும் அவர் உலையை இறக்கி வைத்துவிட்டுக் கூடையோடு கிளம்பிவிட்டார்.

அன்று நடந்ததை அவர் சொல்லித்தான் அறிவேன். புளியமரத்துக்குப் பின்னால் நின்று முதலில் பிலிமில் எடுத்தார். வாய்க்காலுக்குள் ஜே.சி.பி.யின் வாளி, அதிலிருந்து கொட்டுகிற மண், பாதி மூடிய மடைக்கல், கரையில் நின்று கைகாட்டும் தோட்டக்காரரின் மச்சினன். ரோல் முடிகிற வரை எடுத்துவிட்டு, லென்ஸைக் கழற்றி, பாடிக்கு மூடியைப் போட்டுக் கீரைக்கடியில் வைத்தார். அதே லென்ஸை டிஜிட்டலில் பூட்டிக்கொண்டு மரத்தைவிட்டு வெளியே வந்தார்.

ஜே.சி.பி. ஓட்டியவர் குமுளிப் பக்கத்து ஆள். "சேச்சி, கொஞ்சம் மாறி நில்லுங்க, மண்ணு மேல வீழும்" என்றார். அதற்குள் மச்சினன் மூன்று பேரோடு ஓடி வந்துவிட்டார்.

"என்னக்கா எடுக்கிறீக?"

"தெரியுதுல்ல."

"அதை அழிங்க."

"எதை?"

"எடுத்ததை. எல்லாத்தையும்."

"இரு, ஒண்ணொண்ணா அழிச்சா நேரமாகும். கார்டையே ஃபார்மட் பண்ணிருவோம். இந்தா, நீயே தட்டு. அப்புறம் அக்கா ஒளிச்சு வச்சுட்டாகன்னு சொல்லக் கூடாது."

மச்சினன் தன் விரலாலேயே தட்டினார். காலியாகிவிட்டதை எல்லோருக்கும் காட்டினார். அப்போது ஒருவன் கூடையைக் கிளறி, கீரைக்கடியிலிருந்த பாடியை எடுத்தான்.

"இது என்ன டப்பா?"

"அதுவும் கேமராதான்."

"இதுலயும் எடுத்தீகளா?"

"லென்ஸ் எங்கன இருக்குன்னு நீயே சொல்லு."

அவன் மூடியைக் கழற்றினான். ஓட்டைக்குள் ஒரு சின்னக் கண்ணாடி, பின்னால் இருட்டு; பிலிம் அதற்கும் பின்னால், ஷட்டர் திரைக்குள். மச்சினன் எரிச்சலாகச் சொன்னாராம்: "ஏலே, கண்ணு இல்லாத கேமரா எதைப் பாக்கும்? அதைக் கூடையில போடுடா. அக்கா, வீட்டுக்குப் போங்க. வெயிலு."

அவர் வீட்டுக்குப் போனார். உலையை மறுபடி ஏற்றினார். சாப்பாடு ஆனதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் நெகட்டிவை என் வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். வானம் கறுப்பாகவும் ஜே.சி.பி. வெளுப்பாகவும் இருந்தது. ஏலக்காய் மணம் வந்தது. என் மூளை வழக்கப்படி நடைமுறைக்குப் போனது. டிஜிட்டல் படமென்றால் எந்தக் கருவி, யார் கைவசம், எப்படிப் பிரதி எடுத்தது என்று தனிச் சான்றிதழ் வேண்டும். ஒவ்வொரு வரியிலும் வக்கீல் ஒரு ஓட்டை கண்டுபிடிப்பார். நெகட்டிவுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. எடுத்தவர் வந்து நான்தான் எடுத்தேன் என்று சொன்னால் போதும். இதைச் சொன்னதும் முதன்முறையாக என்னை மரியாதையோடு பார்த்தார்.

விசாரணைக்கு முன்பு தோட்டக்காரர் ஆள் அனுப்பினார். வாய்க்கால் பேச்சை விட்டுவிட்டால், தன் செலவில் போட்டோக்காரம்மாவின் வயலுக்கு மட்டும் பூமிக்கடியில் பைப் போட்டுத் தருவதாகச் சொன்னார். நடைமுறை தெரிந்தவன் என்ற முறையில் நான் ஏற்றுக்கொள்ளச் சொன்னேன்.

"எனக்குச் சேருது சார். எனக்குக் கீழ இருக்கிற வயலுக்கெல்லாம்?"

"அவர்கள் தனியாக மனு கொடுக்கலாம்."

"மூலை கறுப்பா தெரியிற லென்ஸை என்னைக்காச்சும் வாங்கியிருக்கேனா?"

வந்தவரிடம் வேண்டாமென்று சொல்லியனுப்பினார். அந்த வாரம் முழுவதும் அவர் கணவர் குமுளியிலிருந்து போனில் கத்தியதை இரண்டு தெரு தள்ளி நாங்கள் கேட்டோம் என்று சொன்னால் மிகை. அவர் திருப்பிக் கத்தியதைக் கேட்டோம்.

விசாரணை அதிகாரி இளம்பெண். வேறு மாவட்டத்துக்காரர், வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. தோட்டக்காரர் தரப்பில் ஒரு வக்கீலும் மச்சினனும். இந்தப் பக்கம் போட்டோக்காரம்மாவும், பேச அனுமதியில்லாத நானும். வக்கீல் எழுந்து, வாய்க்கால் தானாகத் தூர்ந்து பல காலமாகிறது, யாரும் மூடவில்லை, ஜே.சி.பி. எதுவும் அங்கே வரவில்லை, மனுதாரரிடம் ஆதாரம் இருந்தால் காட்டட்டும் என்று சொல்லி உட்கார்ந்தார். மச்சினன் முகத்தில் சின்னச் சிரிப்பு.

போட்டோக்காரம்மா கூடையிலிருந்து பிரிண்டுகளை எடுத்து மேசைமேல் பரப்பினார்.

மச்சினனின் சிரிப்பு போய்விட்டது. வக்கீலின் காதோடு சொல்வதாக நினைத்து, பதற்றத்தில் அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அதெப்படி? நான்தானே என் கையால அழிச்சேன்."

அதிகாரி பேனாவை வைத்தார். "எதை அழிச்சீங்க?"

வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். என் பணிக்காலம் முழுவதும் பல வக்கீல்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணை மூடியவர் மீது எனக்குப் பிரியம் வந்தது அன்று மட்டும்தான். ஆனாலும் அவர் தொழில் தெரிந்தவர். ஒரு நொடியில் எழுந்து, இவை கம்ப்யூட்டரில் உண்டாக்கிய படங்கள், இந்தக் காலத்தில் எதை வேண்டுமானாலும் உண்டாக்கலாம் என்றார். அவர் சொன்னது தவறில்லை. எனக்கே கறுப்பு முடி உண்டாக்கியிருக்கிறார்கள்.

போட்டோக்காரம்மா நெகட்டிவை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தார். அதிகாரி எழுந்து வந்து பார்த்தார்.

"என்னம்மா இது, எல்லாம் தலைகீழா இருக்கு? வானம் கறுப்பா இருக்கே."

"கறுப்பாத்தான் இருக்கும் மேடம். வெளிச்சம் எங்கன அதிகமா விழுந்துச்சோ அங்கன கறுக்கும். இதுல கம்ப்யூட்டர் கை வைக்கல. வேணும்னா முழு ரோலையும் பாருங்க, நடுவுல வெட்டு இருக்கான்னு."

அதிகாரி நகத்தால் ஓரத்துத் துளைகளைத் தொட்டுப் பார்த்தார். ஒரு நெகட்டிவை அவர் கையில் எடுத்தது அன்றுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பிறகு இருக்கைக்குத் திரும்பி, நியாயமாகவே கேட்டார்.

"சரிம்மா. இது ஒரிஜினல். இதைக் கோப்பில் சேர்க்கணும். கொடுத்துட்டுப் போங்க."

"பிரிண்ட் எத்தனை வேணும்னாலும் தாரேன். நெகட்டிவைத் தர மாட்டேன்."

நான் அவர் கூடையை இழுத்தேன். மெதுவாகச் சொன்னேன்: "அம்மா, அசலைத் தாக்கல் செய்யாவிட்டால் மனுவைத் தள்ளுபடி செய்யலாம். கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்."

அவர் என்னிடம் மெதுவாகப் பேசவில்லை. "ரசீது தொலையாது சார். நெகட்டிவு தொலைஞ்சிரும். ரெக்கார்டு ரூமைப் பத்தி நீங்கதானே எனக்குச் சொன்னீக?"

சொல்லியிருந்தேன். சுவாரசியமாகவே சொல்லியிருந்தேன். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஒரிஜினல் இல்லாம நான் எப்படிம்மா உத்தரவு போடுறது?" அதிகாரியின் குரல் சற்று உயர்ந்தது.

"ஒரிஜினல் என் கையில இருக்கிறது இல்ல மேடம். இது நான் எடுத்தது. ஒரிஜினல் அங்கன மண்ணுக்கடியில கெடக்கு. தானா தூர்ந்ததுன்னா மண்ணு இறுகி வேரோடி இருக்கும். கொட்டுனதுன்னா வெட்டுனதும் பொலபொலன்னு வரும், அடியில மடைக்கல்லு இந்தப் படத்துல இருக்கிற அதே எடத்துல இருக்கும். வந்து தோண்டிப் பாருங்க. இல்லைன்னா மனுவைத் தள்ளிருங்க. நான் போயி மறுபடி எழுதிட்டு வாரேன். எழுதிக் குடுக்க ஆள் இருக்கு."

ஆள் நான்தான். என் சம்மதம் கேட்கப்படவில்லை.

அந்த இடத்தில் நான் அதிகாரியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்: அடுத்த தேதி குறித்திருப்பேன். அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், பிறகு டிரைவரைக் கூப்பிடச் சொன்னார். மனு விசாரணைக்கு வந்த அன்றே ஜீப் கிளம்பியதை நான் அதுவரை பார்த்ததில்லை. விதிப்படி இரு தரப்புக்கும் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். இரு தரப்பும் எதிரிலேயே நிற்கிறீர்களே என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

மண்வெட்டிக்கு அதிக வேலை இருக்கவில்லை. மண் பொலபொலவென்று வந்தது. மடைக்கல்லின் தலை தெரிந்ததும் அதிகாரி பிரிண்டைக் கையில் பிடித்து, புளியமரத்தடிக்குப் போய், அந்தப் படம் எடுக்கப்பட்ட இடத்திலேயே நின்று பார்த்தார். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டார். போட்டோக்காரம்மா அதைப் பிலிமில் ஒன்று, லென்ஸை மாற்றி டிஜிட்டலில் ஒன்று எடுத்துக்கொண்டார். இந்த முறை அழிக்கச் சொல்லி யாரும் வரவில்லை.

உத்தரவு வந்து மண்ணை எடுத்த அன்றும் அவர் அங்கே நின்றார். அதே ஜே.சி.பி., அதே குமுளி ஆள். "சேச்சி, எடுக்கிறதும் நான்தான், மூடுறதும் நான்தான்" என்று சிரித்தாராம். மச்சினன் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"அக்கா, நாங்க மண்ணை எடுத்துட்டோம்னு ஆபீசுக்குக் காட்டணும். ரெண்டு படம் அனுப்புறீகளா?"

"எதுல வேணும்?"

"வாட்ஸப்ல."

அனுப்பினார். அழிக்காமல் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்.

சில ஆண்டுகள் கழித்து நான் மகன் வீட்டோடு தேனிக்கு வந்துவிட்டேன். இப்போதும் ஆண்டுக்கொரு முறை படம் எடுத்துக்கொள்ளப் போகும்போது, மச்சத்தைத் தொடாதே என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைக் கடைசியாகப் பார்த்தது என்று நான் எண்ணிக்கொள்வது அந்த ஜூன் மாதத்துக் காலையைத்தான். பிறகும் பார்த்திருக்கிறேன், ஆனால் அதுதான் நிற்கிறது.

தண்ணீர் திறந்த மூன்றாம் நாள் போன் வந்தது. "ஒரிஜினல் வந்துருச்சு சார். வந்து பாருங்க."

போனேன். கலங்கிய தண்ணீர் மடைக்கல்லைத் தாண்டி, சருகுகளைத் தள்ளிக்கொண்டு போனது. அவர் வயலை நனைத்து, அடுத்த வரப்பை உடைத்து, கீழ் வயலுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே ஆண்கள் மண்வெட்டியோடு ஒருவரையொருவர் திட்டிக்கொண்டு, சந்தோஷமாக மடை மாற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் புளியமரத்தடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். காலடியில் கூடை இருந்தது. இரண்டு பாடியும் உள்ளே இருந்தன. லென்ஸ் ஏலக்காய் டின்னை விட்டு வெளியே வரவில்லை.

"எதில் எடுக்கப் போகிறீர்கள்? பிலிமிலா, டிஜிட்டலிலா?"

"எதுலயும் இல்ல சார்."

"ஏன்?"

தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னார். "இதை இல்லைன்னு சொல்ல யாரு வரப் போறாக?"